பயத்தங்காய்ப் பந்தலில் ஓர் ஈ

மே 20 உலகத் தேனீ நாள். ஐக்கிய நாடுகள் சபையின் ஏற்பாட்டில் 2018-லிருந்து கொண்டாடி வருகிறார்கள். அன்று காலை நிகழ்ச்சியில் தேனீயைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, எங்கள் வானொலியின் முகநூல் பக்கத்தில் ஒரு படத்தையும் போட்டேன். மஞ்சள் பூவின் மேல் மஞ்சளும் கறுப்புமாய் வரி போட்ட தேனீ. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நானே கைப்பேசியில் எடுத்த படம். அதனால் கொஞ்சம் பெருமை வேறு.

அரை மணி நேரத்தில் ஒரு நேயரிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியராம். "நல்லா பேசுனீங்கம்மா. ஆனா படத்துல இருக்கிறது தேனீ இல்ல, ஈ. றெக்கைய எண்ணிப் பாருங்க."

படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். இரண்டுதான் இருந்தது. தேனீக்கு நான்கு இறக்கை. அதற்குள் அந்தப் படத்துக்கு அறுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை என்று எனக்குக் கோபம். பிறகுதான் என் மேலேயே திரும்பியது அந்தக் கோபம். ஊடகம் படித்தவள், நாளைக்கு நாலு மணி நேரம் ஒலிவாங்கி முன்னால் உட்காருபவள், ஓர் ஈக்கும் தேனீக்கும் வித்தியாசம் தெரியாமல் நாட்டுக்கே பாடம் நடத்தியிருக்கிறேன்.

அந்த ஈயின் பெயர் ஆங்கிலத்தில் ஹோவர்ஃபிளை. தமிழ்நாட்டு வேளாண்மைப் புத்தகங்களில் 'சிர்பிட் ஈ' என்று அதன் குடும்பப் பெயரை அப்படியே எழுதுகிறார்கள். வானொலியில் சொல்ல அது வாய்க்கு வரவில்லை. அந்தரத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் அதன் தனி வித்தை என்பதால் நான் மிதக்கும் ஈ என்றே சொல்கிறேன். உலகத்தில் ஏறக்குறைய 6000 வகை இருக்கின்றன. ஒன்றுக்குக்கூடக் கொடுக்கு கிடையாது. கொட்டாது, கடிக்காது. குளவி மாதிரி உடுத்திக்கொண்டு பறவைகளை ஏமாற்றுவது மட்டும்தான் அதற்கிருக்கும் பாதுகாப்பு.

இறக்கையை எண்ணு என்று ஆசிரியர் சொன்னது சரிதான். ஆனால் உயிரோடு பறக்கும் பூச்சியிடம் அது நடக்காது. தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சிறு கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒன்று போலவே தெரியும். அதனால் தலையைப் பாருங்கள். மிதக்கும் ஈக்கு முகம் முழுக்கக் கண். உணர்கொம்பு குட்டையாக மூக்குத்தி அளவில் இருக்கும். தேனீக்கும் குளவிக்கும் நீளமாக, மடங்கி இருக்கும். பின்னங்காலில் மகரந்த மூட்டை இருக்காது. அப்புறம், அந்த நிற்பு. நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இறக்கை அடித்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி காற்றில் நிற்கும். கையை நீட்டினால் ஓர் அடி பின்னால் போய் மறுபடி நிற்கும். மற்ற பூச்சிகளுக்குப் பின்னிறக்கை இருக்கும் இடத்தில் ஈக்களுக்குக் குண்டூசித் தலை போல இரண்டு குமிழ்கள் உண்டு. உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான்.

இரண்டு வாரம் கழித்து இடிஎஸ் ரயிலேறி ஊருக்குப் போனேன். படம் எடுத்த அதே இடத்தில், பாகற்காய்க் கொடிக்கும் பயத்தங்காய்ப் பந்தலுக்கும் நடுவில், அதே ஈ நின்றுகொண்டிருந்தது. குனிந்து கைப்பேசியை நீட்டினேன். பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

"என்னத்தப் படம் புடிக்கிற? அது பாவக்கா ஈ. சாயங்காலம் மருந்தடிக்கணும்."

அம்மா சொன்னதைத் தள்ளிவிட முடியாது. பாகற்காயைக் கெடுக்கும் பழ ஈயும் மஞ்சளும் பழுப்புமாய்க் குளவிச் சாயலில்தான் இருக்கும். அதற்கும் முதுகின் கடைசியில் மஞ்சள் தகடு ஒன்று உண்டு. எங்கள் பந்தலில் நின்ற மிதக்கும் ஈக்கும் அதே இடத்தில் அதே மஞ்சள். இரண்டையும் ஒரே கொடியின் பக்கத்தில் பார்ப்பவர் ஒன்றென்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டும் செய்யும் வேலை நேரெதிர். பழ ஈ பிஞ்சின் மேல் உட்கார்ந்து, நடந்து, வயிற்று நுனியிலிருக்கும் ஊசியால் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். இரண்டே நாளில் காய் கோணி, அழுகத் தொடங்கும். அதன் இறக்கையில் பழுப்புத் தீற்றல் இருக்கும். மிதக்கும் ஈயின் இறக்கை கண்ணாடி. அது காய் பக்கமே போகாது, பூவுக்குத்தான் வரும். பழ ஈக்கு மருந்தும் பெரிய தீர்வில்லை. புழு காய்க்குள் பத்திரமாக இருக்கிறது. பிஞ்சிலேயே நாளிதழைச் சுற்றிக் கட்டுவதுதான் நம் ஊரில் பழக்கம், வேலை செய்வதும் அதுதான். (நீங்கள் படிக்கும் இந்த இணைப்பிதழும் அடுத்த வாரம் ஏதாவது ஒரு பாகற்காய்க்குச் சட்டையாகப் போகும். எனக்கு வருத்தமில்லை.)

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இது?" என்று பயத்தங்காய்க் கொடியைத் திருப்பிக் காட்டினார்.

கொழுந்து முழுக்கக் கறுப்பு. எள்ளைத் தேனில் குழைத்து அப்பியது போல அசுவினி. ஆங்கிலத்தில் ஏஃபிட். சிலர் செடிப்பேன் என்பார்கள். பயத்தங்காய், தட்டைப்பயறு வகைக் கொடிகளை இந்தக் கறுப்பு அசுவினி விடாது. சாற்றை உறிஞ்சும், கொழுந்து சுருண்டுபோகும். அதைவிட மோசம், நோயுள்ள செடியிலிருந்து வைரஸை நல்ல செடிக்குக் கொண்டுபோகும். நம் நாட்டு வெப்பத்தில் இதில் ஆணே தேவையில்லை. பெண் தானாகவே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். இதன் பின்புறத்திலிருந்து கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நிற்கும்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு புழு. பச்சை நிறம், முதுகில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு. அரிசியைவிடச் சற்றுப் பெரிது. கால் இல்லை, கண் இல்லை, ஒரு பக்கம் கூராக இருந்தது.

"பாரு, பூச்சியும் இருக்கு, புழுவும் இருக்கு. பயத்தங்காயா திம்ப, புழுவா திம்ப?" என்று அம்மா கைப்பம்பைத் தேடிப் போனார்.

அம்மாவுக்குப் பூச்சி மருந்து என்பது நமக்குப் பல்பசை மாதிரி. கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு, பால்மரம் சீவிக்கொண்டிருந்தவரை மருந்தடிப்புக்கு மாற்றினார்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போய், முதுகில் பதினைந்து பதினாறு லிட்டர் பம்பைச் சுமந்து, நிரை நிரையாகப் புல் மருந்து அடிக்கும் வேலை. பெண்களுக்கென்றே ஒதுக்கிய வேலை அது. முகத்துக்கு ஒரு துண்டு, காலுக்கு மழைக்காலத்துக் காலணி. பதினெட்டு வருஷம். நகம் கறுத்து உதிர்ந்ததும், மூக்கில் ரத்தம் வடிந்த நாளில் "வெயிலு" என்று சொல்லிப் படுத்துக்கொண்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. இதைப் படிக்கும் பலருடைய அம்மாக்களுக்கும் இதே கதைதான். 2002-ல் தெனாகானித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களின் நிலையைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட் களைக்கொல்லியை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. 2006-ல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். அம்மா வேலையை விட்டு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு.

இதில் ஒரு விசித்திரம். இவ்வளவு பட்டவருக்கு மருந்தின் மேல் வெறுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குக் கைவந்த தொழில் அது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த மூடிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்று ஒரு நிபுணரைப் போலச் சொல்வார். அதனால் "மருந்து கெடுதல்மா" என்று நான் பாடம் எடுக்கவில்லை. "ஒரு வாரம் மட்டும் விடுங்க. இந்தப் புழு என்னவாகுதுன்னு பாப்போம். சரியில்லன்னா அடிச்சிக்குங்க" என்று பேரம் பேசினேன். அம்மா ஒப்புக்கொண்டது, நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கப்போகிறேன் என்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் புழு மிதக்கும் ஈயின் பிள்ளை. தாய் ஈ அசுவினிக் கூட்டத்தைத் தேடி வந்து, பக்கத்தில் ஒற்றை ஒற்றையாக வெள்ளை முட்டை வைத்துவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து வரும் புழுவுக்குப் பிறந்த இடமே சாப்பாட்டு மேசை.

இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி விளக்கோடு போய்ப் பார்த்தேன். பகலில் சோம்பிக் கிடப்பது இருட்டில்தான் வேலை செய்கிறது. கண் இல்லாததால் கூரான முன்பக்கத்தை இடமும் வலமுமாக வீசித் துழாவுகிறது. ஓர் அசுவினி மேல் பட்டதும் வாயால் கவ்வி, தலைக்கு மேலே தூக்கிவிடுகிறது. அந்தரத்தில் கால்களை உதறும் அசுவினிக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. உறிஞ்சி முடித்ததும் வெறும் தோலைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் துழாவுகிறது. ஒரு மணி நேரத்தில் நான் எண்ணியது பதினொன்று. பதிவுக் கருவியையும் கொண்டுபோயிருந்தேன், தொழில் புத்தி. எவ்வளவு பக்கத்தில் வைத்தும் தெரு நாய் குரைப்பதைத் தவிர ஒன்றும் பதியவில்லை.

மறுநாள் மூன்று புழுக்களை அசுவினியோடு இருந்த கொழுந்தாகவே வெட்டி ஒரு காப்பிப் போத்தலில் போட்டு, அம்மாவின் பழைய சேலைத் துணியால் வாயைக் கட்டி, சமையலறை சன்னலில் வைத்தோம். தினமும் புதுக் கொழுந்து போட வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து அந்த வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். ஒரு புழு, கூடு கட்டும்வரை நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்றுவிடும். நான்காம் நாள் காலை போத்தல் சுவரில் தார் போலக் கறுப்பாக ஒரு தீற்றல். செத்துப்போச்சோ என்று பயந்தோம். இல்லை. அத்தனை நாளும் தின்றதன் கழிவை வயிற்றுக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்து, கூடு கட்டுமுன் மொத்தமாக வெளியேற்றுவது அதன் வழக்கம். உண்ணும் இடத்தை அசுத்தம் செய்யாத பிள்ளை என்று அம்மா பாராட்டினார். அன்றே புழு சுருங்கி, தண்ணீர்ச் சொட்டு வடிவத்தில் ஒரு கூடாக இலையில் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குத்தான் அம்மா அதைச் சொன்னார். "இத தோட்டத்துல நெறைய பாத்திருக்கேன். லயத்துக்குப் பின்னால அவரக்கொடியில இருக்கும். புழுன்னு நசுக்கிருவோம்."

எனக்குப் பத்து நாளுக்கு மேல் விடுப்பில்லை. கோலாலம்பூர் திரும்பிய பிறகு மீதிக் கதை புலன வழியாகத்தான் வந்தது. முதலில் ஒரு ஈ. மறுநாள் இன்னொரு ஈ. ஒரு நாள் கழித்து வந்தது ஒரு கேள்வி: "இது என்னடி, உள்ள போனது ஒண்ணு, வெளிய வந்தது ஒண்ணு?" படத்தில் செம்பழுப்புக் காலும் நீண்ட உணர்கொம்புமாய் ஒரு சின்னக் குளவி. டிப்ளாசான் என்ற இனமாகத்தான் இருக்க வேண்டும். மிதக்கும் ஈயின் முட்டையிலோ குட்டிப் புழுவிலோ தன் முட்டையைச் செருகிவிட்டுப் போகும். ஈப்புழு வளர்ந்து கூடு கட்டும்வரை உள்ளே காத்திருந்து, பிறகு அதைத் தின்றுவிட்டுக் குளவி வெளியே வரும். "அப்ப கெட்டவன் யாரு?" என்று அம்மா கேட்டு எழுதினார். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

வெளியே வந்த ஈக்களை வைத்துத்தான் அது என்ன வகை என்று பார்த்தேன். சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். மார்பு கரும்பச்சைப் பளபளப்பு, இரு ஓரத்திலும் பளிச்சென்ற மஞ்சள் பட்டை. முதுகின் கடைசியில் அந்த மஞ்சள் தகடு. வயிற்றில் முதலில் பிரிந்த இரண்டு மஞ்சள் திட்டு, அதற்குக் கீழே லேசாக வளைந்த மஞ்சள் பட்டைகள். ஆண் என்றால் இரு கண்ணும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண் என்றால் நடுவில் இடைவெளி. ஆணின் பின்னங்கால் உடலோடு சேரும் கணுவில் முள் போல ஒரு நீட்சி இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. இஸ்கியோடான் ஸ்குட்டல்லாரிஸ். அம்மா அனுப்பிய இரண்டாவது படத்தில், பூதக்கண்ணாடி வைத்து எடுத்ததில், முள் தெரிகிறது.

இந்தப் பெயரின் பின்பாதியை 1805-ல் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ், லின்னேயஸின் மாணவர். முதுகில் இருக்கும் அந்தத் தகட்டைச் சிறு கேடயம் என்ற பொருளில்தான் லத்தீனில் அழைக்கிறார்கள். டென்மார்க்கில் உட்கார்ந்திருந்தவருக்கு நம் பக்கத்துப் பூச்சிகள் எப்படிக் கிடைத்தன? தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் வாணிபத் துறையாக இருந்த ஊர். அங்கே பிடிக்கப்பட்ட பூச்சிகள் பல கப்பலேறி அவர் மேசைக்குப் போயின. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் நாகப்பட்டினம். பினாங்குக்குக் கப்பலேறிய எத்தனையோ தாத்தாக்களைப் போல எங்கள் தாத்தாவும் அங்கேதான் கப்பலேறினார். இந்த ஈ இந்தியா முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை எங்கும் உண்டு. யாரும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

எல்லா மிதக்கும் ஈயும் இப்படிப் பூச்சி தின்று வளர்வதில்லை. கண்ணில் புள்ளி அல்லது வரி விழுந்த தடித்த ஒரு வகை உண்டு, அச்சு அசலாகத் தேனீ. அதன் புழு வளர்வது சாக்கடையில். பின்னால் எலிவால் போல ஒரு குழாயை நீட்டி நீர்மட்டத்துக்கு மேலே மூச்சு விடும். தண்ணீர் ஆழமானால் குழாயும் நீளும். லயத்துச் சாக்கடையில் இதைக் குச்சியால் கிளறி விளையாடிய பிள்ளைகள் நாங்கள். பழங்கால மத்தியதரைக் கடல் பக்கத்து மக்கள், செத்த மாட்டிலிருந்து தேனீக்கள் பிறக்கின்றன என்று நம்பினார்கள். அழுகிய உடலில் வளர்ந்து பறந்த இந்த இனத்து ஈயைத்தான் தேனீ என்று நினைத்துவிட்டார்கள் என 1890-களில் ஆஸ்டன் சாக்கென் என்ற ஈ ஆய்வாளர் விளக்கி எழுதினார். ஆக, என் மே 20 தவறுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது. இன்னும் ஒரு கூத்து: எறும்புப் புற்றுக்குள் வாழும் மைக்ரோடான் என்ற மிதக்கும் ஈயின் புழு, ஓடு கவிழ்த்தது போல இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அதை நத்தை இனம் என்று நினைத்துப் புதுப் பெயரே வைத்துவிட்டார்கள். நத்தை ஆறு என்று பெயர் வாங்கிய ஊர்க்காரி நான், இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, அம்மாவின் கொல்லைக்கு வருவோம். புழு அசுவினியைத் தின்கிறது. தாய் ஈ எதைத் தின்கிறது? பூந்தேனும் மகரந்தமும். மகரந்தம் தின்றால்தான் பெண் ஈயின் முட்டை முற்றும். அதற்கு நீளக் குழல் வாய் கிடையாது. செம்பருத்தி, ஆர்க்கிட் எல்லாம் அதற்கு வீண். கொத்தமல்லி, கடுகு, துளசி, கருவேப்பிலை மாதிரி தட்டையாக விரிந்த சின்னப் பூக்கள்தான் வேண்டும். வேலியோரம் தானாய் முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டும் போதும். நாம் களை என்று சொல்வதில் பாதி அதற்குச் சோறு.

இங்கேதான் புல் மருந்து வருகிறது. பூச்சி மருந்து ஈயை நேரடியாகக் கொல்கிறது. அது நமக்குப் புரிகிறது. புல் மருந்து ஓர் ஈயைக்கூடத் தொடாமல் பூவை இல்லாமல் செய்துவிடுகிறது. தாய் ஈ வராது, புழு வராது, அசுவினி மட்டும் வரும். பிறகு அதற்கு இன்னொரு மருந்து. கடையில் விற்கும் மஞ்சள் ஒட்டு அட்டையும் அப்படித்தான். மஞ்சளைப் பார்த்தால் பூ என்று வந்து மிதக்கும் ஈயும் ஒட்டிக்கொள்ளும். அட்டை நிறைந்துவிட்டது, நன்றாக வேலை செய்கிறது என்று நாம் மகிழ்ந்து போவோம்.

பெரிய தோட்டங்களுக்கு இது தெரியாமல் இல்லை. செம்பனைக் காட்டுச் சாலையோரத்தில் வெள்ளை இதழும் கரு நடுவுமாய், காலையில் விரியும் பூச்செடிகளை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர்கள் புங்ஙா புக்குல் லாப்பான் என்பார்கள், எட்டு மணிப் பூ. அது அழகுக்காக நட்டதில்லை. செம்பனை ஓலையைத் தின்னும் கூட்டுப்புழுவைக் கொல்லும் குளவி வகைகளுக்குத் தீனி. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று. செம்பனை இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் மகரந்தத்தைச் சுமக்கும் கூன்வண்டு கூட வரவில்லை. ஆட்களை வைத்துக் கையால் மகரந்தப் பொடி தூவ வேண்டியிருந்தது. பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து கண்டுபிடித்த வண்டை 1981-ல் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் விட்டார்கள். பொடி தூவும் வேலை முடிந்தது. நாடே சம்பாதிக்கும் செம்பனை எண்ணெய் அந்தச் சின்ன வண்டின் முதுகில்தான் ஏறி வருகிறது. அந்த நிரைகளுக்குள் பதினெட்டு வருஷம் நடந்த அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை.

ஒரு வாரத்துப் பேரத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாள் அசுவினி ஒழிந்துவிடவில்லை. பந்தலின் தெற்குப் பக்கம் கொழுந்துகள் ஏறக்குறைய சுத்தம், வெறும் தோல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. புழுவோடு பொறிவண்டுகளும் சேர்ந்திருந்தன. எறும்பு அதிகமாக இருந்த வடக்கு மூலையில் கறுப்பு அப்படியே இருந்தது. அம்மா அங்கே மருந்துக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினார். அவருடைய சொந்த யோசனை. அடி மரத்தைச் சுற்றித் துணியில் எண்ணெய் தோய்த்துக் கட்டி எறும்பு ஏறுவதையும் தடுத்தார். இரண்டு கொடிகளில் இலை திட்டுத் திட்டாய் வெளிறியிருந்தது, வைரஸ் ஏறிவிட்டது. ஈயால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வேரோடு பிடுங்கி எரித்தோம். மீதிக் கொடிகளில் காய்த்ததைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.

அந்தப் பக்கத்து வீட்டு மாமாதான் மறுவாரம் தன் மிளகாய்ச் செடிக்கு மருந்தடிக்க வந்திருக்கிறார். அம்மா வேலியோரம் நின்று, காற்று இந்தப் பக்கம் வீசுகிறது, சாயங்காலம் அடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எதுக்கு என்று கேட்ட மாமாவை உள்ளே கூப்பிட்டு, கைப்பேசி விளக்கு போட்டுப் புழுவைக் காட்டினாராம். மாமா நம்பவில்லையாம். "புழு புழுதாங்கலா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆனால் அன்றைக்கு அடிக்கவில்லை.

போன வாரம் அம்மாவிடம் பேசினேன். பாதிக் கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டிருக்கிறாராம். "உன் ஈ மூணு நாலு நிக்குது. பொம்பள ஒண்ணு, ஆம்பள ரெண்டு பாத்துட்டேன், மத்தது நிக்க மாட்டேங்குது" என்றார்.

பம்பை வித்துட்டீங்களாம்மா என்று கேட்டேன்.

"எதுக்கு விக்கணும்? சுத்தமா கழுவித் தண்ணி அடிக்கிறேன்" என்றார்.